கண்ணாடியார்

கோட்டூர்புரத்தில் வெயில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் அடிக்கிறது. அதைத் தனக்கு மட்டும் வந்த அழைப்பாக எடுத்துக்கொள்கிறவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். காலையில் பால் பாக்கெட் வாங்க இறங்கும்போதே மூக்கில் கறுப்புக் கண்ணாடி ஏறியிருக்கும். தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்து, சூரியன் எட்டியே பார்க்காத சந்திலும் அது இறங்காது. "இங்கதான் வெயிலே இல்லையே?" என்று யாராவது கேட்டால், "இது வெயிலுக்கு இல்ல சார்" என்பார். அப்புறம் எதற்கு என்று கேட்கிறவர் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவராக இருக்க வேண்டும். கேட்டால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

இந்த ரகத்துக்குக் கண்ணாடியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். பக்தியின் தீவிரத்தைப் பார்த்தால் அறுபத்து நான்காவது நாயன்மாராகவே சேர்த்துவிடலாம். எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடியில் ஒருவர் இருப்பதால் அவரையே மாதிரியாக வைத்துச் சொல்கிறேன். அடுத்த தெருக்காரரும் ஏறத்தாழ இப்படித்தான், ஃப்ரேம்தான் வேறு. நம்மவர் முப்பத்தைந்தைத் தாண்டியவர். தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. எம்.ஜி.ஆர். மறைந்த 1987-க்குப் பிறகு பிறந்தவர். ஆனால் வாயைத் திறந்தால் அறுபதுகளில் மவுண்ட் ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு போனவர் போலப் பேசுவார். "அந்தக் காலத்துல..." என்று அவர் ஆரம்பிக்கும்போது, அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்த அவருடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

சாதாரணமாக நாமெல்லாம் கடைக்குப் போனால் "கூலிங் கிளாஸ் காட்டுங்க" என்போம். கண்ணாடியார் எந்த வருடத்துக் கண்ணாடி என்று கேட்பார். கண்ணாடி பழையது மாதிரி இருக்கும் புதியதாக இருக்க வேண்டும், அல்லது புதியது மாதிரி இருக்கும் பழையதாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் காணாமல் போகிறது.

தேடல் என்றால் சாதாரணத் தேடல் இல்லை. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. அந்த இழப்பிலிருந்து இன்னும் மீளாதவர்கள் இரண்டே தரப்பு. ஒன்று, அங்கே கடை வைத்திருந்த குடும்பங்கள். இன்னொன்று, அப்போது பிறந்தே இராத நம் கண்ணாடியார். "அது மட்டும் இருந்திருந்தா ஒரே ஞாயித்துக்கிழமையில என் வேலை முடிஞ்சிருக்கும் சார்" என்று சென்ட்ரல் பக்கம் போகும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. அவற்றில் ஏறவும் அவருக்கு மனம் வராது.

மூர் மார்க்கெட் இல்லாத குறைக்குப் பர்மா பஜார். கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறினால் நேரே கடற்கரை ஸ்டேஷன். இறங்கினால் எதிரிலேயே கடைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக அறுபதுகளின் கடைசியில் வந்த பஜார் அது. ஒரு காலத்தில் ஃபாரின் சாமான் என்றால் சென்னைக்கு அதுதான் துறைமுகம். ஒருமுறை துணைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

"இது ஒரிஜினலா?"

"ஒரிஜினல் மாதிரியே இருக்கும் சார்."

"அது எனக்கும் தெரியுதுப்பா. ஒரிஜினலா இல்லையா?"

"ஒரிஜினல் வேணும்னா நீங்க இன்னாத்துக்கு சார் இங்க வர்றீங்க?"

இதைவிட நேர்மையான வியாபாரியை நான் பார்த்ததில்லை. கண்ணாடியார்தான் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய், அங்கே ஒரு ஃபர்ஸ்ட் காப்பியை எடுத்து லென்ஸின் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுரண்டுவதற்குக் காரணம் உண்டு. பழைய ரே-பான் லென்ஸில், கீல் இருக்கும் பக்கத்து ஓரத்தில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற அளவுக்குப் 'பி.எல்.' என்று பொறித்திருக்கும். பாஷ் அண்ட் லோம்ப் என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் 1853-ல் ஆரம்பித்த கம்பெனி. உயரத்தில் பறக்கும்போது கண் கூசுகிறது என்று விமானிகள் சொன்னதால் பச்சை லென்ஸ் போட்டு ஒரு கண்ணாடி செய்து, 1937-ல் ரே-பான் என்று விற்கத் தொடங்கியது. அதுதான் ஏவியேட்டர். தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேம் போட்ட வேஃபேரர் 1952-ல் வந்தது. 1999-ல் அந்தப் பிராண்டையே இத்தாலிக்காரர்களான லக்ஸாட்டிகாவுக்கு 64 கோடி டாலருக்குக் கைமாற்றிவிட்டார்கள். அதன் பிறகு ஓரத்துப் பொறிப்பு 'ஆர்.பி.' என்று மாறியது. மற்றவர்களுக்குக் கி.மு., கி.பி. என்றால், நம்மவருக்கு ல.மு., ல.பி.! பி.எல். எழுத்தைக் கண்டால் கைகூப்புவார். ஆர்.பி. எழுத்தைக் கண்டால், வேற்று மதத்தவர் மீது காட்டுகிற மரியாதையைக் காட்டுவார்.

நடுவில் ஒரு சங்கடமான அத்தியாயம் இருக்கிறது. தொண்ணூறுகளில் இதே ரே-பான் ராஜஸ்தானில், பிவாடி என்ற ஊரிலேயே தயாராகி வந்தது. அந்தக் காலத்தில் கல்யாணமானவர்களின் ஊட்டி ஹனிமூன் ஆல்பத்தைப் புரட்டினால், மனைவியைவிட அந்தக் கண்ணாடிதான் தெளிவாக விழுந்திருக்கும். அதுவும் பி.எல். தான், அதுவும் ல.மு. தான். ஆனால் ராச்செஸ்டர் இல்லையே! பிவாடியை ஏற்பதா வேண்டாமா என்பதில் கண்ணாடியார்களுக்குள்ளே வடகலை, தென்கலை அளவுக்குப் பிரிவு உண்டு. நம்மவர் பிவாடியை ஒப்புக்கொள்ளாதவர். ஆனால் வீட்டில் ஒன்று வைத்திருக்கிறார்.

கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது ரத்தன் பஜார். பாரிமுனைப் பக்கத்தில் கண்ணாடி ஃப்ரேம்களின் மொத்த வியாபாரம் நடக்கும் தெரு. அங்கே ஒரு பழைய கடையில் நுழைந்து, "டெட் ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஜீவன் வருமென்று கடைக்காரர் கனவிலும் நினைத்ததில்லை. ஏணி போட்டுப் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினார். எண்பதுகளில் யாரும் வாங்காமல் தங்கிப்போனவை, எலியும் வேண்டாம் என்று விட்டவை. கண்ணாடியார் ஒவ்வொன்றின் காதுக் கம்பியையும் திருப்பி, உள்பக்கத்து எண்களைப் படித்தார். 58, ஒரு குட்டிச் சதுரம், 14. லென்ஸின் அகலம் 58 மில்லிமீட்டர், மூக்குக்கு மேலே இரண்டு லென்ஸுக்கும் நடுவில் 14 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அவருக்கு அது சுலோகம். கடைக்காரர் முதலில் சொன்ன விலையை, கண்ணாடியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மடங்காக்கினார். தலை முழுகியிருந்த சரக்கு அப்படித்தான் திடீரென்று பொக்கிஷமாகிறது.

இனிமேல்தான் அவருடைய உண்மையான துன்பம் தொடங்குகிறது. வாங்குவது சுலபம். போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதுதான் கஷ்டம்.

தமிழ்நாட்டில் கறுப்புக் கண்ணாடிக்கு ஏற்கெனவே இரண்டு பெரிய உரிமையாளர்கள் இருந்துவிட்டார்கள். ஒருவர் அதைத் தொப்பியோடு சேர்த்துப் போட்டார், இன்னொருவர் மஞ்சள் துண்டோடு. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து, கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்கிற ஜனம் இது. கலைஞர் 2017-ல் கறுப்புக் கண்ணாடியை விட்டு வேறு கண்ணாடிக்கு மாறியபோது அதுவே தனிச் செய்தியாக வந்தது. அப்படிப்பட்ட ஊரில், வெள்ளைச் சட்டையும் ஏவியேட்டருமாக ஒருவர் டீக்கடைக்கு வந்து நின்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்? டீயை ஆற்றிக்கொண்டே, "அண்ணே எந்தக் கட்சி?" என்றுதான் கேட்பார். 1937-ம் வருடத்து விமானி ஒருவரை அங்கே யாருக்குமே அடையாளம் தெரிவதில்லை.

காக்கி பேண்ட் போட்ட ஒருநாள் அவர் காந்தி மண்டபம் ரோடு சிக்னலில், வண்டியை ஓரங்கட்டிவிட்டு யாருக்கோ போன் பேசிக்கொண்டு நின்றார். மேலே வெள்ளைச் சட்டை, கண்ணில் ஏவியேட்டர். ஹெல்மெட் இல்லாமல் வந்த பையன்கள் தூரத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் மட்டும் தைரியமாகக் கிட்டே வந்து, இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தாமாகவே எடுத்து நீட்டினார். கண்ணாடியார் அதைத் திருப்பிக் கொடுத்ததைப் பெருந்தன்மை என்று நினைத்து, ஆட்டோக்காரர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

இவையாவது மரியாதையான பிழைகள். பூக்கார அம்மா அப்படி இல்லை.

"இன்னா தம்பி, ஆபரேசன் ஆயிடுச்சா? எந்தக் கண்ணு?"

இலவசக் கண் முகாமில் புரை எடுத்தவர்களுக்குக் கொடுப்பார்களே, பக்கவாட்டிலும் மறைக்கிற அந்தக் கறுப்புக் கண்ணாடி, அது அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். போன வருடம்தான் அவரே எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் செய்துகொண்டு வந்தார். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, நம்மவருடைய பாஷ் அண்ட் லோம்ப்பைவிட வயதில் மூத்தது. பழமைதான் பெருமை என்றால் பூக்கார அம்மா போட்டுவந்த கண்ணாடிக்குத்தான் முதல் மரியாதை. இதை நான் கண்ணாடியாரிடம் சொன்னேன். ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

அவருடைய ஆசை ஒன்றும் பெரிதில்லை. யாராவது ஒருவர், தெருவில் போகிற எவராவது, நின்று உற்றுப் பார்த்து, "இது பழசு மாதிரி இருக்கே!" என்று கேட்டால் போதும். பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். அதில் ராச்செஸ்டர் வரும், விமானிகள் வருவார்கள், 1986-ல் வெளிவந்த 'டாப் கன்' வரும். பதினைந்து சதவீத வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிற சாம்பல் பச்சை ஜி-15 லென்ஸ் வரும். கேட்கத்தான் ஆள் இல்லை.

வீட்டில் கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பது அதைவிட மோசம். தாத்தா ஒரு தடித்த கறுப்பு ஃப்ரேம் போட்டிருப்பதைக் கல்யாண போட்டோவில் கண்டுபிடித்து, அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, தாத்தாவோட கண்ணாடி எங்க?"

"எந்தக் கண்ணாடி?"

"இந்தா, இதுல போட்டிருக்காரே."

"அதுவா? அது எப்பவோ பாத்திரக்காரன் கிட்ட போட்டாச்சு. உன்னோட ரெண்டு பழைய பேண்ட்டு, அந்தக் கண்ணாடி, ஓட்ட டிரான்ஸிஸ்டர் எல்லாம் சேத்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட் குடுத்தான். நல்ல பக்கெட்டுடா, இன்னும் உழைக்குது."

அன்று முதல் அவர் குளிக்கும்போது அந்தப் பக்கெட்டைப் பார்க்கிற பார்வையே வேறு.

மனைவி பொறுமைசாலி. ஆனால் அவருக்கும் ஒரு மூக்கு உண்டு. பழைய அசிடேட் ஃப்ரேம்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் செய்கிற அந்தப் பிளாஸ்டிக், வருடக்கணக்கில் ஈரமும் சூடும் பட்டால் மெல்ல மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விட ஆரம்பிக்கும். மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். சென்னை மாதிரி ஊரில் கேட்கவே வேண்டாம். "ஏங்க, பீரோவுல ஊறுகாய் ஜாடி ஏதாவது வெச்சீங்களா?" என்று அவர் கேட்டபோது, கண்ணாடியாருக்குக் கண்ணில் நீர் நிறைந்தது. பாதி துக்கம், பாதி வினிகர். இப்போது கலெக்‌ஷன் முழுவதும் பால்கனியில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், திறந்த டப்பாவில் காற்று வாங்குகிறது.

ஆமை ஓடு விவகாரம் தனிக்கதை. மஞ்சளும் பழுப்பும் கலந்து திட்டுத்திட்டாக இருக்கும் ஃப்ரேம் ஒன்றை வாங்கி, "டார்டாய்ஸ் ஷெல்" என்று லிஃப்டில் பெருமையாகச் சொல்லிவிட்டார். லிஃப்டில் இருந்தது நான்காவது மாடிப் பெண். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியெல்லாம் பெசன்ட் நகர்க் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைப் பத்திரமாக எடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிற மாணவர் குழுவைச் சேர்ந்தவர். 1988-லிருந்து நடக்கிற வேலை அது. அந்தக் காலத்துக் கண்ணாடி ஃப்ரேமுக்காகவும் சீப்புக்காகவும் அழுங்காமைகளை உலகம் முழுவதும் எப்படிக் கொன்று குவித்தார்கள், அந்த ஓட்டை வைத்திருந்தால் வன உயிரினச் சட்டப்படி என்ன ஆகும் என்பதையெல்லாம் தரைத்தளம் வந்து சேர்வதற்குள் அந்தப் பெண் சொல்லி முடித்துவிட்டார். நம்மவர் ஃப்ரேமைக் கழற்றிக் காட்டி, "இல்லம்மா, சத்தியமா பிளாஸ்டிக்தான், நம்பும்மா" என்று கெஞ்சினார். ஒரிஜினல் இல்லை என்று அவர் தன் வாயால் சத்தியம் செய்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

2019 டிசம்பர் 26-ம் தேதி சூரிய கிரகணம். நமக்குப் பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம் இருப்பதால் காலையிலேயே கூட்டம். எல்லாரும் அட்டைக் கண்ணாடிக்கு வரிசையில் நிற்க, கண்ணாடியார் மட்டும் ஏவியேட்டரோடு கம்பீரமாக நின்று தலையை நிமிர்த்தப் போனார். தன்னார்வத்துக்கு வந்திருந்த கல்லூரிப் பையன் பாய்ந்து வந்து குறுக்கே கையை நீட்டினான். கூலிங் கிளாஸ் உள்ளே விடுவது நூற்றுக்குப் பதினைந்து பங்கு வெளிச்சம். சூரியனைப் பார்க்கிற ஃபில்டர் விடுவது அதிகபட்சம் லட்சத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கு. "இத போட்டுக்கிட்டு பாத்தா ரெட்டினா போயிடும் அங்கிள்" என்றான். ரெட்டினா என்ற வார்த்தையை அவர் தாங்கிக்கொண்டார். அங்கிள் என்ற வார்த்தையைத் தாங்கவில்லை. பத்து ரூபாய் அட்டைக் கண்ணாடியை, ஏவியேட்டருக்கு மேலே பிடித்துக்கொண்டுதான் கிரகணம் பார்த்தார்.

இந்த இடத்தில் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். சென்னை வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவதில் தப்பே இல்லை. லென்ஸ் கறுப்பாக இருப்பது வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு என்பது மட்டும் தெரிந்தால் போதும். தடுக்காத கறுப்பு லென்ஸைப் போட்டால் இருட்டென்று நினைத்துக் கண்மணி விரியும், வேண்டாத கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். ரத்தன் பஜார் பரணிலிருந்து இறங்கியவை எந்த வகை என்று கண்ணாடியார் சோதித்துப் பார்த்ததே இல்லை. கண்ணாடிக் கடைகளில் அதற்கென்று சின்ன மீட்டர் இருக்கிறது, லென்ஸை அதில் வைத்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். "ஜாதகம் பாத்தா கல்யாணம் நின்னுடும் சார்" என்கிறார். உண்மையில் பகல் முழுக்க வெயிலில் நிற்கிறவர்கள், ரோடு போடுகிறவர்கள், கீரை விற்கிறவர்கள், எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், யாருமே கண்ணாடி போடுவதில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

கிட்டப்பார்வை வந்த பிறகு கண்ணாடியாரின் நிலைமை இன்னும் சிக்கலானது. பழைய ஃப்ரேமிலேயே பவர் லென்ஸ், அதுவும் கறுப்பில் வேண்டும் என்று அடம்பிடித்தார். ஃப்ரேமைச் சூடு காட்டி இளக்கித்தான் லென்ஸை உள்ளே தள்ள வேண்டும். முப்பது வருடத்துப் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் இளகுமா, பிளக்குமா என்று பிரம்மாவுக்கும் தெரியாது. "ஒடஞ்சா நான் பொறுப்பில்ல" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கடைக்காரர் கைவைத்தார். உடையவில்லை. அதனால்தான் கஷ்டம். சாதாரணக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தால், கழற்றினால் மங்கல், போட்டால் இருட்டு.

அப்படி ஒரு நாளில்தான் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனார். 2010-ல் திறந்த ஒன்பது மாடிக் கட்டடம், உள்ளே நல்ல வெளிச்சம்தான். ஆனால் வெளியே வெயிலிலிருந்து கறுப்பு லென்ஸோடு நுழைகிறவருக்குத் தரையே தெரியாதல்லவா? படி தடுக்கக் கூடாதென்று கையை லேசாக முன்னால் நீட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். நல்ல மனம் படைத்த ஊழியர் ஒருவர் ஓடிவந்து முழங்கையைப் பிடித்து, "வாங்க சார், மெதுவா, இந்தப் பக்கம்" என்று கீழ்த்தளத்திலேயே இருக்கும் பிரெய்ல் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். அவ்வளவு அன்பாக அழைத்துவந்தவரிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அரை மணி நேரம் பக்கங்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பார்வையற்ற மாணவர் கொஞ்ச நேரம் கவனித்து, கையை நீட்டிப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், புத்தகத்தைத் தலைகீழா வெச்சிருக்கீங்க. விரல் எழுத்து மேல ஓடுற சத்தமே இல்ல. நீங்க பாக்குறவர்தானே?" என்றாராம். ஊரில் அவரைச் சரியாக அடையாளம் கண்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு மழை விட்ட ஒரு மாதத்தில் மெட்ராஸ் ஐ வந்தது. 1918-ல் இந்த ஊரில் முதலில் கண்டறிந்தார்கள் என்பதற்காக, நகரத்தின் பெயரை மாற்றிய பிறகும் அதன் பெயரை யாரும் மாற்றவில்லை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் நம்புகிறது. ஆனால் அது ஒட்டுவது கையாலும் துண்டாலும் தலையணையாலும்தான். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்குமே தவிர, யாரையும் காப்பாற்றாது. ஆனாலும் ஒரே வாரத்தில் கோட்டூர்புரம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. வாட்ச்மேன், கீரைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அபார்ட்மெண்ட் செகரட்டரி. பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்து விற்றார்கள். கண்ணாடியார் மட்டும், வியாதி என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்து, வெறும் கண்ணோடு நடந்தார். தெருவில் தனியாகத் தெரிந்தார். மூன்றாம் நாள் அவருக்கும் கண் சிவந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஏவியேட்டர் திரும்பவும் ஏறியது.

அந்த நிலையில் சட்டைகளை எடுத்துக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போனார். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். இஸ்திரிக்காரர் கண்ணிலும் ஏவியேட்டர், பளபளவென்று, தங்க நிறக் கம்பியோடு. கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கும் வந்துடுச்சா சார்?"

"ஆமாப்பா."

"எனக்கு நேத்துலருந்து. பஸ் ஸ்டாண்டாண்ட நூறு ரூபான்னான், எம்பதுக்குக் கேட்டு வாங்கினேன்." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியாரின் முகத்துக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "இதே மாடல்தான் உங்களுதும். ஆனா இன்னா சார் இது, ரொம்பப் பழசாக்கீது?"

கண்ணாடியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "1937-ல, அமெரிக்காவுல..." என்று ஆரம்பித்தார். நான் என் சட்டைகளை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.